எந்த

பரதராமி எடைமேடையில் என் வண்டி ஏறும்போது
எண்ணைப் பார்க்கவே மாட்டேன்.
நூறு கிலோ முன்னப்பின்ன இருந்தால்
பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.
கிளிமூக்கு மாங்காய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

சித்தூரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
ஒரு தராசு இருக்கிறது.
நேற்று தொள்ளாயிரத்து இருபது.
இன்று தொள்ளாயிரத்துப் பத்து.
பத்து கிராம் எங்கே போச்சு என்று
யாரிடம் சண்டைக்குப் போவது?

வினோதா பரதராமியில்
தையல் சீழ் வைத்துப் படுத்திருக்கிறாள்.
அவள் பீய்ச்சிய பால்
ஐஸ் டப்பாவில் முதல் பஸ்ஸில் வரும்.
கண்டக்டர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறார்,
லக்கேஜ் போடுவதில்லை.
'ஏறிட்டாளா?' என்பாள் போனில்.
'ஏறிட்டே இருக்கா' என்பேன்.
சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல வரும்.

ஒன்பதாம் நாள் கஸ்தூரி சிஸ்டர்
பால்புட்டி லேபிளின் பின்னால் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார்.
'உங்க நாற்காலியில
அம்பத்தி மூணு நாள் உட்கார்ந்திருந்தவர்.'

பேர் ரெட்டெப்பா. பலமநேரில் தக்காளி மண்டி.
ஆளைப் பார்த்ததில்லை.
என் போனில் அவன் முகம்
ஒரு கன்றுக்குட்டி.

ராத்திரி இரண்டு மணிக்கு,
வராண்டாவில் கொசுவும் நானும் மட்டும் இருக்கையில்,
ஆங்கில எழுத்தில் அடிப்பான்:
அண்ணா, எந்த?
முதல் நாள் குழம்பிப்போனேன்.
எந்த என்றால், எந்த எது?
அவன் பாஷையில் அது 'எவ்வளவு' என்று
வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும்.

அவனிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.
தொள்ளாயிரத்துப் பத்து.
தொள்ளாயிரத்து ஐந்து.
இன்றைக்கு நீலம் பாரித்துவிட்டாள், மெஷின் கத்தியது,
என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குக் குரலில் பதில் வந்தது,
பாதி தமிழில், பின்னால் லாரி ஹாரன்:
'மூச்சு மறந்துபூடும் அண்ணா, அவ்ளோதான்.
காலுல ஒரு சுண்டு சுண்டினா
ஞாபகம் வந்துடும்.
என்து நாளுக்கு ஏழு தாட்டி மறக்கும்.'
அதை நான் பதினோரு முறை கேட்டேன்.
ஹாரனையும் சேர்த்து.

இருபதாம் நாள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
நெஞ்சு முழுக்க மாம்பால் சுட்ட தழும்பு,
பதினாறு வயசிலிருந்து கூடை சுமந்தது.
இதன் மேலா?
கழிப்பறைக்குள் போய் அவனுக்கு அடித்தேன்.
'சொக்கா விப்பண்ணா' என்று வந்தது.
வேறொன்றும் இல்லை.

படுத்தாள்.
கையில் 'வினோதாவின் குழந்தை' என்ற பட்டை,
மூக்கில் குழாய்,
முதுகு என் உள்ளங்கைக்குள் அடங்கிப்போயிற்று.
தழும்பு ஒன்றின் மேல் வாயை வைத்துத் தூங்கினாள்.
ஒரு மணி நேரம்
நான் இருமலை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

ஆயிரத்துப் பத்து ஆன அன்று
நான்தான் முதலில் அனுப்பினேன்.
நெடுநேரம் 'டைப்பிங்' என்றே காட்டியது.
பிறகு:
கிலோ தாண்டட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன் அண்ணா.
எனக்கு இரண்டு.
வீட்டுக்கு வந்தது ஒன்று.

விரல் தன்னால் அடித்துவிட்டது,
என் பாஷையில்தான்:
எந்த?
எந்தக் குழந்தை, பெரியதா சின்னதா,
என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே.

அவன் அதை அவன் பாஷையில் படித்தான்.
எனிமிதி வந்தல அரவை, என்றான்.
எண்ணூற்று அறுபது.

அதற்குப் பதில் எழுத
இரண்டு பாஷையிலும் எனக்கு ஒன்றும் இல்லை.
கன்றுக்குட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பின்னால் கொடியில் குட்டிச் சட்டைகள்,
ஒரே துணியில் தைத்தவை,
இரண்டிரண்டாக.

விடிந்துவிட்டது.
ஐஸ் டப்பா வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.
கண்டக்டர் கேட்டார், எவ்வளவு என்று.
சொன்னேன்.