நூற்றுப் பதினேழு தூர்

மன்னவனூருக்குத் திரும்பும் வளைவில்
சாலையை அகலமாக்க நாள் குறித்துவிட்டார்கள்.
வெட்டப்போகிற மண்சுவரில்தான்
மிச்சமிருந்தது அந்தப் புல்.
மேலே முழுக்கச் சீகை,
அதற்கும் மேலே பைன்.
நடுவில், எவரும் எதையும் நடாததாலேயே தப்பிய
நாலு பாய் விரிக்கிற இடம்.

விடியுமுன்னே போனோம், நானும் அமலோற்பவமும்.
கடப்பாரை, நனைத்த சாக்கு, ஒரு டார்ச்.
உறைபனியில் வெளுத்திருந்த நுனிகள்
கைபட்டதும் உப்புப்போல் உதிர்ந்தன.
இழுத்தால் வராது.
சுற்றிலும் குத்தி, அடியில் கைவிட்டு,
பஸ்ஸில் தூங்கும் பிள்ளையை
மடி மாற்றுவதுபோல் எடுக்க வேண்டும்.

இருபத்தாறு எடுத்திருந்தோம்.
ஜேசிபி வந்துவிட்டது.

ராயப்பன் இறங்கி வந்தான்.
"என்னக்கா, மூலிகையா?"
"புல்லு."
"மாட்டுக்கா?"
"நடுறதுக்கு."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
அவன் அப்பா இதே மேட்டில்
குழிக்கு இத்தனை பைசா என்று
சீகை நட்டவராம்.
"அப்பல்லாம் இதத் தரிசுன்னு
எழுதி வச்சிருந்தாங்களாம்க்கா."

ஒரு மணி நேரம் தருகிறேன், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றான்.
போகவில்லை.
வாளியின் பற்களை மண்ணுக்குள் மெல்ல இறக்கி
பாளம் பாளமாகப் பெயர்த்து
எங்கள் சாக்கின்மேல் வைத்தான்,
இலையில் இட்லி வைப்பதுபோல.
அவ்வளவு பெரிய இயந்திரம்
அவ்வளவு நிதானமாக அசையும் என்று
அன்றுவரை எனக்குத் தெரியாது.

நோட்டில் இருக்கிறது:
நூற்றுப் பதினேழு தூர்.
கூடவே வந்தவை
ஒரு நில ஆர்க்கிட்டின் கிழங்கு,
அரைத் தூக்கத்தில் ஒரு தவளை,
சீகை விதை, எண்ணி மாளவில்லை.
அது மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும்.
எங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது,
முளைக்க முளைக்கப் பிடுங்குகிறோம்.

ஒரு தூரை நான்காகப் பிரித்துப் பையில் வளர்த்து
இரண்டு மழை கழித்து
சீகை வெட்டிய சரிவில் இறக்கினோம்.
வேலி போடவில்லை. காசில்லை.
ஒன்பதாம் நாள் காலை
காட்டுமாடுகள் நின்றன,
தாயும் கன்றும், தள்ளி ஒரு கிழட்டுக் காளையும்,
நாங்கள் நட்ட வரிசை பிசகாமல் மேய்ந்தபடி.

அமலோற்பவம் கல்லெடுத்தாள்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
"தூர விட்டுரு, நுனிய மட்டும் தின்னு"
என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.
காளை காதை மட்டும் ஆட்டியது.
அவை இறங்கிப் போனபின்
அந்தக் கல்லைக் கொண்டுபோய்
சாய்ந்து கிடந்த ஒரு தூருக்கு அண்டக்கொடுத்தாள்.

நட்டது, பிழைத்தது, போனது
என்று மூன்று பத்திதான் எங்கள் நோட்டில்.
'போனது' கீழே அறுபத்திரண்டு எழுதினேன்.
மூடப்போய், திரும்பத் திறந்து,
கோட்டுக்கு வெளியே ஓரத்தில்
சின்னதாக எழுதினேன்:
வந்தது, மூன்று.