லைன் கிளியர்

எழுதுங்க ரைட்டரய்யா.
பேரு தளவாய். மின்வாரியத்துல லைன்மேன்,
சேரன்மகாதேவி செக்சன்.
இருபத்திரண்டு வருச சர்வீசு.

அன்னைக்கு
கன்னடியன் காலுக்குத் தெக்க
வாழைத்தோட்டத்து ஓரம், ஏழாம் நம்பர் கம்பத்துல இருந்தேன்.
முந்தின ராத்திரி காத்துல ஜம்பர் அத்துப் போயிருந்திச்சு.
பதினொண்ணு பத்துக்கு சப்ஸ்டேசன்ல லைன் கிளியர் வாங்குனேன்.
வாங்குன நேரம், ஆளு, கம்பத்து நம்பர்
எல்லாம் ரிஜிஸ்தர்ல கெடக்கு.
இந்தா, ஜெராக்ஸ்.

கீழ நடக்கிறவங்க அண்ணாந்து பாக்கிறதில்ல.
கம்பத்துல யாரும் இல்லைன்னுதான் ஊரு நெனச்சிக்கிடும்.
அடகு வைக்கப் போறவ மடியைத் தடவிப் பாக்கிறது,
பிள்ளைக்குத் தெரியாம அப்பன் பீடி குடிக்கிறது
எத்தனையோ கண்ணுல பட்டிருக்கு.
பாத்ததைக் கம்பத்திலேயே விட்டுட்டு இறங்கணும்,
அதுதான் எங்க தொழில்ல மரியாதை.
அன்னைக்கும் விட்டுட்டுத்தான் இறங்கினேன்.

முப்புடாதி பக்கக்கன்னு அறுத்துக்கிட்டு இருந்தா.
அவர் வந்தாரு.
அவ கையில இருந்த அருவாளை வாங்கித்
தூரப் போட்டாரு.
பொறவு இலை ஆடிச்சு.
காத்து இல்ல, ரைட்டரய்யா.
காத்து இருந்தா
எனக்குத்தானே முதல்ல தெரியும்.

ஒரே ஒரு சத்தம். ‘அண்ணே’ன்னு.
அவரைத்தான் கூப்பிடுதாளோன்னு நெனச்சேன்.
பொய்.
பொய்யினு எழுதிக்கிடுங்க.
என்னயத்தான்னு தெரியும்.

இடுப்புல கயிறு, கையில பிளேயர்,
வாய் சும்மாதான் இருந்திச்சு.
ஒரு ‘ஏய்’ போதும்.
வருசா வருசம் தீவாளிக்கு
ஒரு தார் ஏத்தங்காய் அவர் வீட்டுல இருந்து வரும்.
அந்தத் தார்தான் தொண்டையில நின்னுச்சுன்னு
சொல்லிக்கிடலாம். அதுவும் முழுசா நிசமில்ல.
ஜம்பரை முறுக்கிக்கிட்டே இருந்தேன்.
தேவைக்கு மேல நாலு சுத்து.
இதுக்குன்னு உங்க புஸ்தகத்துல ஒரு செக்சன் இருந்தா
என் பேருல அதையும் சேருங்க.

பன்னெண்டு இருபதுக்கு லைன் கிளியரைத் திருப்பிக் குடுத்தேன்.
‘லைன்ல ஆள் யாரும் இல்ல, சார்ஜ் பண்ணலாம்’னேன்.
கரெண்டு வந்திச்சு.
அவர் பம்புசெட்டுலதான்
முதல்ல தண்ணி விழுந்திச்சு.

அவ குடுத்த மனுவுல இருக்காம்:
கம்பத்துல ஒரு ஆளு இருந்தாரு.
டீக்கடையே சிரிச்சிச்சு.
கம்பத்துல காக்காதான் இருக்கும்,
காக்காயைக் கூட்டிட்டு வருவாளோ சாட்சிக்கு?
நானும் அதே பெஞ்சுலதான் இருந்தேன்.
வடைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.
பதினோரு நாள்
அவ பொய்க்காரியா இருந்தா.

முந்தாநேத்து அவ தெருவுல பீஸ் போயிட்டுன்னு போனு.
வேற ஆளை அனுப்பப் பாத்தேன், யாரும் இல்ல.
ஏறினேன்.
எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் போறாங்க.
அவ மட்டும் வாசல்ல வந்து
அண்ணாந்து பாத்தா.
ஏசல. அழல. ஒண்ணும் கேக்கல.
ஆளு ஏறினா கீழ இருந்து
கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு
சரிபாக்கிற மாதிரி
பாத்துக்கிட்டே இருந்தா.
பீஸைப் போட்டேன். விரல் நடுங்கிச்சு,
வெளிச்சம் வந்த பொறவும் இறங்க முடியல.

அவர் பேரா? தெய்வநாயகம்.
ஏன்யா பேனா நிக்கி?
தெய்வநாயகம்.
முதல்ல ஒத்தைக் கொம்பு.
வாசல்ல நிக்கிற காரு அவருதுதான், பாத்துட்டுத்தான் வந்தேன்.
டிரான்ஸ்பர் போடுவாங்க, வள்ளியூருக்கோ எங்கயோ.
அங்ஙனயும் கம்பம் இருக்கும்.

இப்ப வாசிச்சுக் காட்டுங்க.

ம்.
ம்.
கம்பத்து நம்பர் சரி. நேரம் சரி.

‘அண்ணே’ன்னு கூப்பிட்டாள்ல,
அதை விட்டுட்டீங்க.
கேசுக்கு வேண்டாம்னாலும் வேணும்.
சேருங்க, ரைட்டரய்யா.
நான் உக்காந்திருக்கேன்.