ஐந்நூறு எழுத்துகளுக்குள்

தொடங்கி முடிக்காத பட்டம் ஏதுமிருப்பின்
காரணத்தை ஐந்நூறு எழுத்துகளுக்குள் விளக்கவும்
என்கிறது பதினோராம் கட்டம்.
இடைவெளிகளும் எழுத்தாகவே எண்ணப்படும்.

ஐலா ஸல்மினென் இரவுப் பணியிலிருக்கிறாள்.
தண்டர் பே நகரின் குடிநீர் நிலையம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உறைந்த ஏரி கரையோடு உரசி முனகுகிறது.
மணிக்கொரு தரம் எழுந்து போய்
குளோரின் அளவைக் குறித்துவிட்டு வந்து
மறுபடி அந்தக் கட்டத்தின் முன்னால் உட்காருகிறாள்.

மதிப்பெண் பட்டியலில் நான்கு டபிள்யூ.
விலகினாள், விலகினாள், விலகினாள், விலகினாள்.
ஸ்கேன் செய்ததில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது,
ரம்பத்தின் பல் மாதிரி இருக்கிறது.

'அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போடு'
என்றான் தம்பி வெய்ன்.
கேட்டுக்கொண்டிருந்த அர்வோ
காப்பிக் கோப்பையை நங்கென்று வைத்தார்.
'எழுபத்து மூணு வயசு. ஒருநாள் படுத்ததில்லை.
என்னைப் படுக்க வச்சா நீ இடம் வாங்கணும்?'
அதற்கப்புறம் ஒரு வாரம்
தெருவில் எல்லார் வாசலிலும்
வேண்டுமென்றே பனி வாரினார்.

கூட வேலை செய்யும் டெனிஸ் கொடுத்த வாக்கியம்:
'தனிப்பட்ட சூழ்நிலைகள் காரணமாக.'
எவ்வளவு சுத்தம்!
வடிகட்டி, குளோரின் போட்டு, குழாயில் விட்டது.
குடிக்கலாம்.
மீன் வாழாது.

நடந்தது இது.
பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர்,
நன்றி நாள் விடுமுறை,
மூன்று நாள் ஆய்வகத்தில் ஆளில்லை.
உறைபெட்டி எப்போது நின்றதென்று
யாருக்கும் தெரியாது.
இருநூற்றுப் பன்னிரண்டு பைகள்.
இரண்டு கோடை சதுப்பில் முழங்கால்வரை நின்று
கறுப்பு ஈக்களுக்கு ரத்தம் கொடுத்துத்
துளைத்தெடுத்த மண்.

அந்த மண்ணுக்குத் தமிழில்
முற்றா நிலக்கரி என்று பெயர்.
அவளுக்குத் தெரியாது.
ஆறாயிரம் வருஷம் கிடந்தும்
கரியாகி முடிக்காத பாசி.
அதற்குப் படிவம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை
பேராசிரியர் கதவருகே நின்று 'ஐயோ, ஐலா' என்றார்.
தரையெல்லாம் தேநீர் நிறத் தண்ணீர்.
ஒரு வருஷம் நீட்டித்துத் தருகிறேன்,
மறுபடி சேகரித்துவிடலாம் என்றார்.
துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றவள்
அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்த இடத்தில்
சந்தோஷப்பட்டாள்.
பனிப்புயல், பள்ளிப் பேருந்து வராது என்று
காலை வானொலி சொல்லும்போது வருமே
அந்தச் சந்தோஷம்.
வெட்கம் அப்புறம்தான் வந்தது.
வந்தது போகவில்லை.

உறைபெட்டி என்று எழுதினால் பொய்யில்லை.
உண்மையும் இல்லை.

'கருவி பழுதானது.' அழிக்கிறாள்.
'ஆர்வம் குறைந்தது.' அழிக்கிறாள்.
'எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.'
இதை மட்டும் அழிக்காமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
பிறகு அதையும்.

போன ஏப்ரலில்
ஏரியிலிருந்து உள்ளே வரும் நீர் நிறம் மாறிற்று.
ஒரு சீசாவில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினாள்.
அதே தேநீர்.
வடக்கே எங்கோ சதுப்பு இளகுகிறது,
போன வருஷத்தைவிட ஒன்பது நாள் முன்னதாக.
யாரும் கேட்கவில்லை,
ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறிக்க ஆரம்பித்தாள்.
சம்பளப் பட்டியலில் வராத வேலை.
நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்கியிருக்கிறாள்.

மூன்று மணி. குளோரின் சரி.
உட்கார்ந்து ஒரே மூச்சில் அடிக்கிறாள்:
'என் மாதிரிகள் உருகின. எனக்கு நிம்மதியாயிருந்தது.
அதனால் போய்விட்டேன்.
இப்போது அந்தத் தண்ணீர் என்னிடம் வருகிறது.
எங்கிருந்து, ஏன் இவ்வளவு சீக்கிரம்
என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

இன்னும் இடமிருக்கிறது என்கிறது கட்டம்.
நிரப்பவில்லை.
அனுப்பவும் இல்லை இன்னும்.

நாலு மணி அளவெடுக்க எழுந்து போகும் வழியில்
எத்தனையோ வருஷப் பழக்கமாய்
நிலையத்தின் உறைபெட்டியைக்
கை வைத்துப் பார்க்கிறாள்.
குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.