பதினெட்டாவது போர்ட்

இரவு இரண்டே கால்.
மூன்றாம் மாடி சுவிட்சில்
துடைக்கும்போது பிடுங்கிய வயரை
பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டார்கள்.
குறைமாதக் குழந்தையொன்றின் நாடித்துடிப்பு
கேன்டீனின் வி-லேனுக்குள் போய்
இட்லிக் கணக்குகளுக்கு நடுவே
முகவரி கேட்டு நின்றது.

ஒரே கம்பிதான்.
கருவிகள் பன்னிரண்டில், விருந்தாளிகள் நாற்பதில்.
ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது,
தெரியக் கூடாதென்றுதான் எனக்குச் சம்பளம்.

ஒரு வரி தட்டினேன்.
"வந்துடுச்சு சார்" என்றார் சிஸ்டர் ஜெபசீலி.
போனில் அந்தத் துடிப்பும் கேட்டது.

டீக்கு இறங்கினேன். ஆற்காடு சாலை
இன்னும் வெக்கை அடங்கவில்லை.
லாட்ஜ் வாசலில், எங்கள் வைஃபை எட்டுகிற கடைசிப் படியில்
சில்சாரிலிருந்து வந்தவர்
போனைத் தலைக்குமேல் தூக்கி
மூன்றாம் மாடியை யாருக்கோ காட்டுகிறார்.

நாற்பதில் இருக்கிறார்.
அந்தக் குழந்தைக்கு என்ன உறவோ,
நான் கேட்கவில்லை.