குப்பைக் கணக்கு

அணையின் வாயில் கம்பி வேலி உண்டு.
அதில் சிக்குவதை வாரி எடுப்பது என் வேலை,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
வாரியதை நிறுத்துப் புத்தகத்தில் எழுத வேண்டும்:
பிளாஸ்டிக் இத்தனை கிலோ,
மரம் இத்தனை,
ஏனையவை இத்தனை.

ஏனையவையில் என்னென்னவோ போயிருக்கின்றன.
கவ்வாத்து மலையிலிருந்து இறங்கிய மிலாறு,
மூடியில்லாத களைநாசினிக் கேன்,
தேர்த் திருவிழாவின் ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை ஒரு கதவு,
பூட்டுத் தொங்கியபடியே.

ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு.
தலவாக்கலையில் மூன்று நாளாய் மழை விடவில்லை.
ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
மேற்கணக்கில் கான் உடைந்ததாம்.
ஒரு மலையின் மேல்தோல்
என் டார்ச் வெளிச்சத்தைக் கடந்து போனது.

யோகமலர்தான் முதலில் பார்த்தாள்.
"குழாய் ஒண்ணு மாட்டியிருக்கு."
குழாய் தலையைத் திருப்பி
எங்களைப் பார்த்தது.

விலாங்கு.
என் கால் நீளம்.
முதுகு கறுத்து, வயிறு
தேய்ந்த வெள்ளிக் காசாய் மாறியிருந்தது.
கண்கள் மட்டும் அந்த முகத்துக்குப் பெரிது,
யாரிடமோ இரவல் வாங்கிப் பொருத்தியதுபோல்.

"பொரிச்சா நாலு வீட்டுக்குக் காணும்" என்றாள்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
கொந்தராத்துக்காரன் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

பேராதனையிலிருந்து தண்ணீர் அளக்க வருகிற ஷஸ்னா
போத்தலில் ஆற்றைப் பிடித்துக்கொண்டே
எப்போதோ சொன்னது நினைவு வந்தது:
இது பிறப்பது கடலில்.
கண்ணாடிக் கீற்றாய்க் கழிமுகத்தில் நுழைந்து
உப்பை விட்டுவிட்டு
ஏறி ஏறி மலைக்கு வரும்.
வருடக்கணக்காய் இருக்கும்.
திரும்பக் கிளம்பும்போது கண் பெருக்கும்,
குடல் சுருங்கும்.
அப்புறம் கடல்வரை ஒன்றும் தின்னாது.

அப்படியானால் இது
அணைகளுக்கு முன்னால் ஏறியதா?
ஈரப் பாறையில் வயிற்றால் ஊரும் என்றாள்.
அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

பசியில்லாத ஒன்றைப்
பசியோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.
பிறகு யோகமலரே யூரியா பையை நனைத்து விரித்தாள்.
வால் பக்கம் அவள், தலைப் பக்கம் நான்,
ஓரப் படியில் இறங்கினோம்.
அட்டை ஏறியது. எண்ணவில்லை.

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் வரைபடம் உண்டு.
கீழே கொத்மலை.
பிறகு பொல்கொல்லை, விக்டோரியா,
ரந்தெனிகல, ரந்தம்பே, மினிப்பே.
ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி வேலி,
ஒவ்வொரு வேலிக்கும் பின்னால் சுழலும் இரும்பு.
அங்கெல்லாம் இரவு வேலைக்கு யார் யாரோ!

மச்சான் கதிர்வேல் மூதூரில் மேசன்.
போன கிழமை போனில் சொன்னான்:
"கங்கை வாய்ப்பக்கம் கரை அரிக்குது,
கடல் உள்ளுக்கு ஏறுது,
கண்டல் வேரெல்லாம் வெளியில தெரியுது.
மேலேயிருந்து மண் வாறது காணாதாம்."

மண்ணா?
அது எங்களிடம்தான் இருக்கிறது, மச்சான்.
அணைக்குள் அடியடியாய் உட்கார்ந்திருக்கிறது.
ஏழு பேர்ச் காணிக்கு
அப்பா காலத்திலிருந்து ஃபார்ம் நிரப்புகிற எங்களுக்கு
தண்ணீருக்கு அடியில்
எவ்வளவு நிலம் பார்.

கீழ்ப்பாறையில் பையைச் சாய்த்தேன்.
போகும்போது அது திரும்பிப் பார்க்கவில்லை.
ஏன் பார்க்க வேண்டும்?
இழுத்த இழுப்பில் பையும் கையை விட்டுப் போனது.
குப்பை வாருகிறவன்
ஆற்றில் குப்பை போட்டேன்.
யோகமலர் சிரித்தாள், மழையில், சத்தமாய்.

காலையில் எழுதினேன்:
பிளாஸ்டிக் நாற்பத்தொன்று.
மரம் நூற்றிப் பத்து.
ஏனையவை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

மேற்பார்வைக்கு வந்த திலகேஸ்வரன்
பைகளை இரண்டு தரம் எண்ணினார்.
"ஒண்ணு குறையுதே?"
"ஆத்தோட போயிருச்சு, சேர்."
"அதையும் எழுது."

எழுதினேன்.