பதினேழாம் கேள்வி

வவுனியா விளக்கமறியலில்
எனக்குத் தந்த அறையின் மின்விசிறி
ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும்.
காற்று சுயந்தனுக்கு. வியர்வை எனக்கு.
வயது இருபத்தாறு. வாள்வெட்டு, இரண்டு வழக்கு.
பதினாறு கேள்விக்கும் ஓம், இல்லை என்றவன்
பதினேழில் நிமிர்ந்தான்.

பத்து வயதுக்கு முன் உங்களை யாராவது அடித்ததுண்டா?
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி.
ஒன்றுக்குப் புள்ளடி இடுக.

"செல் அடிச்சதையும் சேர்க்கிறதோ, மிஸ்?"

பனி கொட்டும் ஊரொன்றில் எழுதிய கேள்வி அது.
தமிழாக்கியவள் நான்.
மூன்று பேர் சரிபார்த்தார்கள்.
ஒருவர் காலிலும் அந்த வினைச்சொல் இடறவில்லை.

"வீட்டுக்குள்ள நடந்தது மட்டும்" என்றேன்.
"தறப்பாள் வீடோ?"
பேனையை மூடினேன். திறந்தேன்.
அவனே தொடர்ந்தான்:
"அப்பா அடிச்சா அடிப்பார்,
அடிக்காட்டி அடிக்க மாட்டார்.
அடிக்காத நாளில கச்சான் சரை கொண்டு வருவார்,
உடைச்சும் தருவார்.
அதுக்கு எங்க புள்ளடி?"

பிறகு, என்னைப் பார்க்காமல்,
"அப்பாவுக்கு ஆர் அடிச்சது எண்டு
உங்கட தாளில இல்லை என்ன."

இல்லை.
நாற்பத்திரண்டு கேள்வியிலும் இல்லை.

என் ஆய்வில் இரண்டு பட்டியல்.
குற்றம் செய்தோர்.
அதே சூழலில் வளர்ந்தும் செய்யாதோர்.
இரண்டாவதில் ஏழாம் இலக்கம் சுகிர்தன்,
சுயந்தனின் தம்பி.
ஒரே தாய், ஒரே கொட்டில், ஒரே மோட்டர் வயர்,
பதினான்கு மாத இடைவெளி.
அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் அவனைப்போலத்தான்,
பொலிசில் பெயர் இல்லாமல் வாழ்கிறார்கள்.
இதைத்தான் என் முடிவுரையின் முதல் வரியாக
முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

மாங்குளத்தில் பஸ் மாறி மல்லாவி.
கிரவல் தூசி படிந்த டயர்க்கடை.
உழவு இயந்திரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே
பதில் சொன்னான் சுகிர்தன்.

"அடிக்கடி எண்டு போடுங்கோ.
இல்லை, நில்லுங்கோ.
அவன் குறுக்க வந்திடுவான், மிஸ்.
அம்மாக்கு ஓங்கினாலும் அவன், எனக்கு ஓங்கினாலும் அவன்.
நான் நெல்லு மூட்டைக்குப் பின்னால இருந்து
எண்ணிக்கொண்டிருப்பன்.
மூண்டு பேற்றையும் அவனே வாங்கினவன்.
என்னெண்டு இப்ப எனக்குப் புள்ளடி போடுறது?"

காற்றுமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது.
விளிம்பில் ஒரு குறிப்பு எழுதினேன்:
இருவரையும் தனித்தனிக் கணக்காக எடுத்தது பிழை.

அவன் மகள் மிதுசா, மூன்று வயது,
நட்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.
தட்டில் இருந்த திருகியை எடுக்க
அவள் தலைக்கு மேலால் கையை உயர்த்தினான்.

இரண்டு கையாலும் தலையைப் பொத்தினாள்.
சத்தம் இல்லை.
மழைக்குக் குடை விரிக்கிறமாதிரி,
பழகிய வேகம்.

நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
"வெயில் அடிக்குது, மிஸ்" என்றான்.
"பிள்ளைக்கு வெயில் கூடாது."
கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை.

குற்றப் பதிவு: இல்லை.
புள்ளடி இட்டேன். பேனை நழுவி விழுந்தது.
படிவத்தின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து,
சொன்னது எதுவும் வெளியே போகாதென்று.
அதன் கீழே, சிறிய எழுத்தில்,
ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் தவிர.
இந்த வரியை எவரும் வாசித்துக் கேட்டதில்லை.
நானும் வேகமாகத்தான் வாசிப்பேன்.

மணி மூன்று பத்து.
சிறுவர் உத்தியோகத்தரின் அறை
நாலு மணிக்குப் பூட்டுவார்கள்.
சொன்னால் இந்தக் கடைக்கு ஒரு ஜீப் வரும்.
அண்ணன் உள்ளே இருக்கும் வீட்டுக்கு
இன்னொரு ஜீப்.
சொல்லாவிட்டால்
இருபது வருடம் கழித்து யாரோ ஒருத்தி
இவளுக்கு எதிரே தாளோடு அமர்வாள்.
இரண்டில் எதற்கும் என்னிடம் பெட்டி இல்லை.

மிதுசா பேனையை எடுத்து வந்தாள்.
கை முழுதாக நீண்டிருந்தது.
உடம்பு ஒரு எட்டுப் பின்னால் நின்றது.

வாங்க நான் கையை
மிக மெதுவாக நீட்டினேன்.