இரண்டரை வெள்ளி

வெள்ளிக்கிழமை படம் பார்ப்பேன்,
சனிக்கிழமை விடிய வெள்ளி போடுவேன்.
ஐந்து வெள்ளியில் எத்தனை என்று
பூபாலரெத்தினத்தாருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்;
இருநூறு சொல் பிறகு வரலாம்.
அவருடைய வாரப் பத்திரிகையில் என் இடம்
மரண அறிவித்தலுக்கும் நெல் விலைக்கும் நடுவில்.

கிழமை நாட்களில் தண்ணீர் மீற்றர் வாசிக்கிறேன்.
கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய்.
வளவுக்குள் குனிந்து, மூடியைத் திறந்து,
எறும்பை ஊதிவிட்டு
எண்ணை எழுதிக்கொண்டு எழும்புவேன்.
இரண்டு வேலைக்கும் இதே கண்தான்.
இரண்டிலும் சனம் கேட்பது ஒரே கேள்வி:
"இவ்வளவு வராதே, வடிவாய்ப் பார்த்தீங்களா?"

போன மாதம் ஒரு படம்.
கோட்டில் பொய்ச்சாட்சி சொன்ன கிளாக்கர் ஒருவர்
வீட்டுக்கு வந்து ஒரு கோப்பையைக் கழுவுகிறார்.
கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுகிறார்.
மனைவி பின்னால் நின்று
அவருடைய பிடரியைப் பார்க்கிறாள்.
அவ்வளவுதான். பிடரி நடித்தது.
எனக்குக் கால் விறைத்தது, மாற்றி வைக்கவில்லை.
மொத்தம் மூன்று பேர் பார்த்தோம்,
மெசின் ஓட்டும் பெலிசியனையும் சேர்த்து.
நாலரை போட்டேன்.
திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.
"உங்கட நாலரையை நம்பி..." என்று தொடங்கிய
பலசரக்குக் கடை சஹாப்தீன்
மிச்சத்தை விழுங்கிக்கொண்டு பில்லை வாங்கினார்.

இந்த வெள்ளி, விஞ்ஞானப் படம்.
ஹவுஸ்புல். பல்கனியில் பாய் விரிக்காத குறை.
வேற்றுக்கிரகம் ஒரு கல் குவாரி,
பின்னால் ஆடு மேய்ந்தது.
விண்வெளி உடுப்பில் றெயின்கோட்டின் பொத்தான்.
றோபோ தும்மியது.
"கிரகத்தில ஆட்டிறைச்சி கிலோ என்ன விலை?" என்றான் ஒருவன்.
சிரித்த சிரிப்பில்
பக்கத்து ஆளின் கச்சான் என் மடியில் கொட்டுப்பட்டது.

பிறகு காலப்பொறி.
நாயகன் மூடியைத் திறக்கிறான்,
உள்ளே தண்ணீர் மீற்றர்.
அரை இஞ்சி, பித்தளை, வீட்டுப் பாவனைக்குரியது.
அத்தனை பேரில் அது எனக்குத்தான் தெரியும்.
வெள்ளைச் சில்லில் கறுப்பு எண்கள்
பின்னோக்கி உருண்டன. ஆண்டுகள்.
2031
2020
இன்னும் சிரிப்பு இருந்தது.
2009
முன்வரிசையில் ஒருவர் நிறுத்தினார்.
2004
கச்சான் கோது உடைகிற சத்தம்கூட இல்லை.
பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்,
சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல் மெதுவாக:
"அதில நிப்பாட்டு மனே."

அவன் நிப்பாட்டவில்லை.
1990-ஐயும் தாண்டிப் போய்
1978-இல் இறங்கி
பெல்பொட்டம் போட்டு ஆடினான்.
விசில் வந்தது. பிந்தித்தான் வந்தது.

எழுத உட்கார்ந்தேன்.
கதை ஓட்டை. கிரகம் ஓட்டை.
ஆடு மட்டும் இயல்பாய்ச் செய்திருந்தது.
கோப்பைப் படத்திலும் மூச்சடைத்த நொடி உண்டு;
அதை எடுத்தவர் அளந்து வைத்த நொடி அது.
இவர் பாட்டுக்குப் போகிற அவசரத்தில்
தெரியாமல் எங்கள்மேல் கால் வைத்துவிட்டார்.
தடுக்கி விழுந்தவனுக்கு எத்தனை வெள்ளி?

பூபாலரெத்தினத்தார் போன் எடுத்தார். "எத்தனை?"
"ஒன்று. பொறுங்கள். இரண்டரை."
"படம் சரியில்லை எண்டு சனம் சொல்லுதே."
"சரியில்லைதான்."
"அப்ப அந்த ஒன்றரை?"
நான் எழுதியிருந்தேன், கடைசிப் பந்தியில்.
ஞாயிறு பேப்பரில் பந்தி இல்லை.
மரண அறிவித்தல் ஒன்று கூடிவிட்டதாம்.
இரண்டரை மட்டும் நின்றது,
ஏனென்று சொல்ல ஆளில்லாமல்.

திங்கள், நாவற்குடா.
மூடியைத் திறந்தேன், எறும்பை ஊதினேன்.
மீற்றர் பின்னுக்கு ஓடினால்
யாரோ கை வைத்திருக்கிறார்கள்;
சபைக்கு அறிவிக்க வேண்டும், குற்றப்பணம் உண்டு.
இது முன்னுக்குத்தான் ஓடியது,
எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற வேகத்தில்.
பேனை கையில் இருந்தது.
எண்ணை உடனே எழுதவில்லை.